சராசரியும் நியாயமும்

ஒரு நாட்டின் வறுமையை ஓர் எண்ணாற் சொல்லிவிடுவது இன்றைய அரசுகளின் வழக்கம். நூற்றுக்கு இத்தனை பேர் வறியவர் என்று அறிக்கை வெளிவருகிறது. அது முன்னைய ஆண்டினும் குறைந்ததா, கூடியதா என்று பத்திரிகைகள் ஆராய்கின்றன. ஆளுங் கட்சி அதனைத் தன் சாதனை என்கிறது. எதிர்க்கட்சி அதனைப் பொய் என்கிறது. அந்த எண் பொய்யாக இருக்கவேண்டியதில்லை. ஆயினும் அது எந்த ஊரைப் பற்றியும் பேசுவதில்லை. தலைநகரின் மாடி வீட்டையும் மலைச்சரிவின் லயத்தையும் ஒன்றாய்க் கூட்டி வகுத்தாற் கிடைக்கும் ஈவு, அவ்விரண்டு வீடுகளில் எதனுடைய அடுப்பையும் நமக்குக் காட்டாது.

நாட்டின் சராசரி ஊரை மறைக்கின்றதெனின், ஊர் தோறும் ஓர் எண் வேண்டும் என்பதே நியாயமான கோரிக்கை. பாடசாலைக்குக் கட்டடம், மருந்தகத்துக்கு மருந்து, குடும்பத்துக்கு நிவாரணம் ஆகிய யாவும் இறுதியில் ஏதோ ஓர் ஊரிற்றான் சென்று சேர்கின்றன. ஆயின் அரசின் ஆய்வாளர் எல்லா ஊர்களிலும் போதிய வீடுகளுக்குச் செல்வதில்லை, செல்ல இயலுவதுமில்லை. இந்நிலையில் ஓர் ஊரைப் பற்றி அவ்வூராரைப் போதிய அளவு கேளாமலே, பிற ஊர்களிற் கேட்டறிந்ததைத் துணையாகக் கொண்டு, ‘இங்கு வறுமை இவ்வளவு’ என்று தீர்ப்புக் கூறுவது நீதியாகுமா? இக்கட்டுரையில் நாம் ஆராய விரும்பும் வினா இதுவே.

இவ்வினாவின் தொழில்நுட்பப் பக்கத்தை அரை நூற்றாண்டுக்கு மேலாக ஆராய்ந்தவர் பேராசிரியர் ஜே. என். கே. ராவ். அவருடைய ஆய்வு வாழ்வைப் பின்தொடர்ந்து சென்றால், வெறுங் கணிதமாகத் தோன்றும் ஒரு துறையின் உள்ளே எத்தனை அறக்கேள்விகள் உறைந்து கிடக்கின்றன என்பது புலனாகும்.

முதலில் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். பகுதியைக் கொண்டு முழுமையை அறியலாம் என்று நோர்வே நாட்டுப் புள்ளிவிபரத் தலைவரான கியார் 1895ஆம் ஆண்டு பேர்ண் நகரிற் கூடிய சர்வதேச மாநாட்டிலே எடுத்துரைத்தபோது, அறிஞர் பலர் அதனை ஏற்க மறுத்தனர். அனைவரையும் எண்ணாத எண்ணிக்கை எண்ணிக்கையாகுமா என்பதே அவர்களின் ஐயம். 1934இல் நெய்மன் என்னும் போலந்து நாட்டறிஞர் இலண்டனிற் படித்த கட்டுரை அவ்வையத்துக்கு விடையளித்தது. எவரைக் கேட்பது என்பதை ஆய்வாளரின் விருப்பம் தீர்மானித்தலாகாது; எழுமாற்று முறையே தீர்மானித்தல் வேண்டும். அவ்வாறு செய்தால், நாம் எவ்வளவு தவறியிருக்கக்கூடும் என்பதையும் அதே மாதிரியிலிருந்து கணித்துக்கொள்ளலாம்.

இரண்டாண்டுகளின் பின் அமெரிக்க ஐக்கிய நாட்டிலே நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி இதனை உலகுக்கு உணர்த்திற்று. ‘லிற்றறறி டைஜஸ்ற்’ என்ற வார இதழ் 1936ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலை ஒட்டி ஏறத்தாழ ஒரு கோடி பேருக்கு வாக்கட்டைகளை அனுப்பியது. இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் விடையனுப்பினர். லாண்டன் வெல்வார் என்று இதழ் முடிவு கூறியது. ரூஸ்வெல்ற் 48 மாநிலங்களில் 46ஐக் கைப்பற்றினார். இதழ் பயன்படுத்திய முகவரிகளிற் பெரும்பாலானவை தொலைபேசி வைத்திருந்தோர், மோட்டார் வண்டி வைத்திருந்தோர் ஆகியோரின் பட்டியல்களிலிருந்து பெறப்பட்டவை. விடையனுப்பியோரும் அனுப்பாதோரும் ஒரே கருத்தினராய் இருக்கவுமில்லை. பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்து நின்ற தொழிலாளிக்கு அப்பட்டியலில் இடம் அரிது. பட்டியலில் வர்க்கச் சார்பு இருந்தால், இருபது இலட்சம் விடைகளும் அச்சார்பையே உரத்துக் கூறும்.

ராவ் 1937இல் ஆந்திரப் பிரதேசத்து ஏலூரிற் பிறந்தவர். அவர் மாணவராயிருந்த காலத்தில் இந்தியா மாதிரி ஆய்வின் பெரும் பரிசோதனைக் களமாக விளங்கிற்று. வங்காளத்துச் சணற் பயிரை மாதிரி ஆய்வினால் அளந்து காட்டிய மகலனோபிஸ், 1950இல் இந்தியத் தேசிய மாதிரி ஆய்வு தோன்றுவதற்குக் காரணராயிருந்தார். சுதந்திரம் பெற்ற ஒரு வறிய நாடு தன் மக்கள் என்ன உண்கின்றனர், என்ன உழைக்கின்றனர் என்று தானே கேட்டறிய முற்பட்ட காலம் அது. அச்சூழலிலிருந்து புறப்பட்ட ராவ் அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹாட்லி என்ற அறிஞரின்கீழ் ஆராய்ந்து 1961இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே ஹாட்லி, கொக்கிரன் ஆகியோருடன் இணைந்து அவர் வெளியிட்ட கட்டுரை, மூவர் பெயராலும் இன்று வழங்கும் மாதிரி முறையொன்றைத் தந்தது.

அம்முறையின் சாரம் எளிது. ஊர்களை எழுமாற்றாகச் சில கூட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்திலும் ஓர் ஊரை அதன் பருமனுக்கு ஏற்ற வாய்ப்புடன் தெரிவு செய்வது. பெரிய ஊருக்கு வாய்ப்புக் கூடுதல். சிறிய ஊருக்குக் குறைவு. ஆனால் எவ்வூருக்கும் வாய்ப்புப் பூச்சியமாகாது. எவ்வூருக்கு எவ்வளவு வாய்ப்பு என்பதும் முன்கூட்டியே தெரியும். மாதிரி ஆய்வின் சமத்துவம் இதிலேயே தங்கியுள்ளது. எல்லாரும் கேட்கப்படுவதில்லை. எனினும், கேட்கப்படும் வாய்ப்பிலிருந்து எவரும் விலக்கப்படுவதுமில்லை. சனநாயகம் என்று நாம் சொல்லும் பெரிய பொருளின் ஒரு சிறு கூறு இவ்விதியிலும் உண்டு எனலாம்.

1973இல் ராவ் கனடாவின் ஒட்டாவா நகரிலுள்ள கார்ல்ற்றன் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். அந்நகரிலேயே அமைந்துள்ள கனடாவின் அரச புள்ளிவிபர நிறுவனத்துக்கும் பல்லாண்டுகள் ஆலோசகராயிருந்தார். வகுப்பறையிற் பிறக்கும் தேற்றமும் அலுவலகத்திலே தயாராகும் அட்டவணையும் ஒன்றையொன்று திருத்திக்கொள்ள இத்தொடர்பு வழிசெய்தது.

1981இல் ஸ்கொற் என்பாருடன் அவர் எழுதிய கட்டுரை, ஆசிரியர்களாகிய வாசகர் பலருக்கு நேரடியாகப் பயன்படக்கூடியது. ஓர் ஊரில் இருபது வீடுகளைக் கேட்டால் அவை இருபது தனித்தனிச் சாட்சிகள் ஆகமாட்டா. ஒரே குளத்துநீரைப் பாய்ச்சுவோர், ஒரே முதலாளியிடம் கூலி பெறுவோர், ஒரே பாடசாலைக்குப் பிள்ளைகளை அனுப்புவோர் பலவற்றில் ஒத்திருப்பர். அவர்களைத் தனித்தனிச் சாட்சிகளாகக் கொண்டு வழக்கமான கைவர்க்கச் சோதனையைச் செய்தால், இல்லாத வேறுபாடு இருப்பதாகத் தோன்றும். அத்தவற்றை எவ்வாறு திருத்துவது என்பதை ராவும் ஸ்கொற்றும் காட்டினர். மனிதரைச் சமுதாய உறவுகளிலிருந்து பிரித்தெடுத்துத் தனி அணுக்களாக எண்ணுகிற சிந்தனை கணக்கிலும் பிழையாகவே முடிகிறது என்பதை நாம் இங்கு கவனித்தல் தகும்.

இனி நம் வினாவின் மையத்துக்கு வருவோம். சிறுபரப்பு மதிப்பீடு என்ற துறை ஏன் தோன்றியது? இலங்கையின் 2012/13ஆம் ஆண்டு வீட்டு வருமானச் செலவின ஆய்வை எடுத்துக்கொள்வோம். அதன் மாதிரி 25,000 வீட்டு அலகுகள். நாட்டுக்கும் மாவட்டங்களுக்கும் அது போதும். ஆனால் இத்தீவிலுள்ள கிராம அலுவலர் பிரிவுகள் 14,000க்குச் சற்று மேல். சமமாகப் பங்கிட்டாலும் ஒரு பிரிவுக்கு இரண்டு வீடுகளேனும் கிட்டா. உண்மையிற் பெரும்பாலான பிரிவுகளுக்கு ஒரு வீடும் கிட்டுவதில்லை.

கணக்கைச் சற்று விரித்துப் பார்ப்போம். ஒரு சிறு பிரதேசத்தில் 16 வீடுகள் மாதிரியில் விழுந்தன எனவும், அவற்றில் 8 வறியவை எனவும் கொள்வோம். நேர்க்கணக்கு நூற்றுக்கு 50 என்று கூறும். ஆனால் அதன் நியம வழு 12.5. அதாவது, உண்மை 25 ஆகவும் இருக்கலாம், 75 ஆகவும் இருக்கலாம். வழுவைப் பாதியாக்க வேண்டுமாயின் வீடுகளை நான்கு மடங்காக்கி 64 வீடுகளைக் கேட்கவேண்டும். எல்லாப் பிரதேசங்களிலும் இதைச் செய்ய எந்த அரசும் பணம் ஒதுக்குவதில்லை.

ஆகவே மற்றொரு வழி தேடப்பட்டது. இப்பிரதேசத்தைப் போன்ற பிற பிரதேசங்களில், அதாவது வீட்டுச் சுவர், கல்வி, தொழில், நிலவுடைமை ஆகியவற்றில் ஒத்த இடங்களில், வறுமை எவ்வளவு என்று கணித்தபோது 30 எனக் கிடைக்கிறது எனக் கொள்வோம். இப்போது நம்மிடம் இரண்டு சாட்சிகள் உள. ஒன்று ஊரின் சொந்தக் குரல். மெய்யானது, ஆயின் தடுமாறுவது. மற்றையது அயலூர்களின் குரல். தடுமாறாதது, ஆயின் இவ்வூரைப் பற்றியதன்று. ஊரின் குரலுக்குக் காற்பங்கும் அயலூர்களின் குரலுக்கு முக்காற்பங்கும் நிறைகொடுத்தால் விடை 35 ஆகிறது. மாதிரி பெரிதாயின் ஊரின் குரலுக்கு நிறை கூடும், சிறிதாயின் குறையும். பிற ஊர்களிடமிருந்து வலுக்கடன் பெறுதல் என்று இத்துறையினர் இதனை வழங்குவர்.

இக்கடன் எல்லா ஊர்களையும் சேர்த்து நோக்குமிடத்து மொத்தத் தவற்றைக் குறைக்கிறது. ஆயின் எவ்வூர் அயலூர்களைப் போன்றதன்றோ, அவ்வூர்மீது இக்கடன் பாரமாய் விழுகிறது. மேற்சொன்ன பிரதேசத்தின் உண்மை வறுமை 50 ஆகவே இருந்திருப்பின், 35 என்ற எண் அதனுடைய துயரத்தில் ஒரு பகுதியைத் துடைத்தழித்துவிடுகிறது. காகிதத்தில் மட்டுமே அழிந்த துயரம் அது. பக்கத்து ஊர்களுக்கில்லாத ஏதோ ஒரு காரணத்தால், ஒரு தொழிற்சாலை மூடப்பட்டதாலோ, ஒரு வாய்க்கால் தூர்ந்ததாலோ, ஒரு சாதியினருக்கு நிலம் மறுக்கப்பட்டதாலோ, விதிவிலக்காக வறுமையுற்ற ஊரே இம்முறையால் அதிகம் நட்டமடைகிறது. உதவி மிக வேண்டப்படும் இடமும் பல வேளைகளில் அதுவேயாகும்.

இது கற்பனை அச்சமன்று. 1972ஆம் ஆண்டுச் சட்டமொன்றினால் அமெரிக்க மத்திய அரசு தன் வருவாயில் ஒரு பங்கைப் பல்லாயிரம் உள்ளூராட்சிகளுக்குப் பகிர்ந்தளிக்க முற்பட்டது. பங்கீட்டுக்கு ஒவ்வோர் ஊரின் தலைவருமானமும் தேவைப்பட்டது. 1970ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலோ வருமானத்தைப் பற்றிய வினா ஐந்தில் ஒரு பங்கினரிடமே கேட்கப்பட்டிருந்தது. ஐந்நூறு பேருக்குக் குறைந்த ஊர்களின் எண்கள் நம்பத்தகாதவையாய்த் தோன்றியதால், அவ்வூர்களுக்கு அவை அடங்கிய கவுண்டியின் சராசரியே வழங்கப்பட்டது. ஒரே ஆணையினால் ஆயிரக்கணக்கான சிற்றூர்கள் தத்தம் முகத்தை இழந்தன.

இதற்கு மாற்றாக பே, ஹெரியற் என்ற இருவர் 1979இல் வெளியிட்ட முறை, நாம் மேலே விளக்கிய நிறைகொடுத்தலாகும். வரிப் பத்திரங்களையும் வீடுகளின் பெறுமதியையும் அவர்கள் துணைக்கொண்டனர். அவர்கள் ஒரு கட்டுப்பாட்டையும் விதித்தனர் என்பதே நமக்கு முக்கியம். கடன் வாங்கிய எண், ஊரின் சொந்த எண்ணிலிருந்து ஒரு நியம வழுவுக்கு மேல் விலகலாகாது. நம் எடுத்துக்காட்டில் 50இலிருந்து 12.5ஐக் கழித்தால் 37.5. ஆகவே 35க்கு இறங்க இயலாது, 37.5இல் நின்றுவிடவேண்டும். இதனாற் சராசரித் திருத்தம் சிறிதளவு குறையும் என்பது அவர்களுக்குத் தெரியும். இருந்தும் விதிவிலக்கான ஊருக்கு ஒரு காப்பைக் கொடுத்தனர். பெரும்பான்மையின் நன்மைக்காகச் சிறுபான்மை எவ்வளவு இழக்கலாம் என்ற பழைய அறக்கேள்விக்கு, ஒரு சூத்திரத்தின் ஓரத்தில், ஓர் எல்லைக்கோடு இடப்பட்டது.

ராவ் இத்துறையில் ஆற்றிய பணியின் பெறுமதியும் இவ்விடத்திலேயே விளங்குகிறது. 1990இல் பிரசாத்துடன் அவர் வெளியிட்ட கட்டுரை, கடன் வாங்கிய மதிப்பீடு எவ்வளவு தவறக்கூடும் என்பதை அளப்பதற்கான வழியைத் தந்தது. அதற்குமுன் எளிதாகச் செய்யப்பட்ட கணிப்புகள் அத்தவற்றைக் குறைத்தே காட்டின. நிறைகளையும் நாம் மாதிரியிலிருந்தே மதிப்பிட்டோம் என்பதை அவை கணக்கிற் கொள்ளவில்லை. 1994இல் கோஷ் என்பாருடன் துறை முழுவதையும் மீளாய்வு செய்தார். 2003இல் ‘சிறுபரப்பு மதிப்பீடு’ என்ற நூலை வெளியிட்டார். மொலினாவுடன் சேர்ந்து 2015இல் அதன் இரண்டாம் பதிப்பைக் கொணர்ந்தார். வறுமையளவுகளை ஊர்வாரியாக மதிப்பிடுவதற்கு அவ்விருவரும் 2010இல் வகுத்த முறை, அவ்வூரிற் கேட்கப்பட்ட சில வீடுகளின் செய்தியையும் வீணாக்காது பயன்படுத்துகிறது. மிகச் சிலர் பேசினாலும் அவர்கள் பேச்சுக்கும் இடமுண்டு.

இம்முறைகளைப் பற்றிய எதிர்ப்பு இருமுனைகளிலிருந்து எழுகின்றது. ஒரு சாரார், புள்ளிவிபரம் ஆள்வோரின் கருவி, மக்களின் துயரை எண்ணாக்குவதே அவர்களை இழிவுபடுத்துவதாகும் என்பர். நம்மவர் சிலரும் இக்கருத்தினர். ஆயின் மார்க்ஸ் 1867இல் ‘மூலதனம்’ நூலுக்கு எழுதிய முன்னுரையில், இங்கிலாந்தின் சமூகப் புள்ளிவிபரத்தோடு ஒப்பிடத் தம் தாய்நாடாகிய ஜேர்மனியிலுள்ளவை இழிநிலையிலிருந்தன என்று வருந்தியதையும், தொழிற்சாலைப் பரிசோதகர் லெனாட் ஹோணரின் தொண்டை அந்நூலிலேயே போற்றியதையும் இவர்கள் நினைவுகூர்தல் நன்று. அரசின் நீலப் புத்தகங்களிற் கிடந்த எண்களே குழந்தை உழைப்பின் கொடுமைக்குச் சான்றாயின. அளக்கப்படாத துயரை மறுப்பது ஆள்வோருக்கு மிக எளிது.

மற்றைய சாரார், கணிதம் நடுநிலையானது, அதில் அறத்துக்கு வேலையில்லை என்பர். இதுவும் பொருந்தாது. எந்த ஊர்களை ‘ஒத்தவை’ எனக் கொள்வது, வறுமைக் கோட்டை எங்கே கீறுவது, மொத்தத் தவற்றைக் குறைப்பதா அல்லது மிக நலிந்தோர்மீது விழும் தவற்றைக் குறைப்பதா என்பவை யாவும் மனிதரின் தெரிவுகள். கணிதம் தெரிவுகளின் விளைவைக் காட்டும், தெரிவுக்குப் பொறுப்பேற்காது. டீற்றன், தரோசி ஆகிய பொருளியலாளர் 2009இல் எடுத்துக்காட்டியவாறு, உலக வங்கி பல நாடுகளிற் பரப்பிய வறுமை வரைபட முறை, வீட்டின் தோற்றத்துக்கும் செலவுக்குமுள்ள உறவு எல்லா ஊர்களிலும் ஒன்றே என்ற எடுகோளிற் பெரிதும் தங்கியுள்ளது. அவ்வெடுகோள் பிழைக்குமிடத்து, வரைபடம் தன் துல்லியத்தை மிகைப்படுத்திக் காட்டும்.

நம் நாட்டின் அனுபவம் இதற்குமப்பால் ஒன்றைக் கற்பிக்கிறது. 2001ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பையும் 2002ஆம் ஆண்டு வீட்டு வருமானச் செலவின ஆய்வையும் இணைத்து, பிரதேச செயலாளர் பிரிவு தோறும் வறுமையைக் காட்டும் வரைபடம் உலக வங்கியின் உதவியுடன் தயாரிக்கப்பட்டது. அவ்வரைபடத்தில் வடக்கும் கிழக்கும் வெறுமையாயிருந்தன. 1981இன் பின் 1991இற் குடிசன மதிப்பு நடைபெறவேயில்லை. 2001இல் நடைபெற்றபோதும் யுத்தம் காரணமாக, அவ்விரு மாகாணங்களின் எட்டு மாவட்டங்களில் அம்பாறை தவிர்ந்த ஏழிலும் முழுமையாக எண்ண இயலவில்லை. 2002ஆம் ஆண்டின் ஆய்வும் அம்மாகாணங்களுக்குச் செல்லவில்லை. தீவு முழுவதும் மீண்டும் எண்ணப்பட்டது 2012இலேதான். அதன்பின் வந்த வரைபடத்திலேயே வடக்கும் கிழக்கும் இடம்பெற்றன.

அந்த வெற்றிடத்தைத் தென்னிலங்கைக் கிராமங்களிடமிருந்து கடன் வாங்கிய எண்களால் நிரப்பியிருக்கலாமே என்று ஒருவர் கேட்கக்கூடும். சூத்திரம் மறுத்திராது, ஏதோவோர் எண் கிடைத்திருக்கும். ஆயின் இடம்பெயர்ந்த குடும்பத்தை, கண்ணிவெடி புதைந்த வயலை, தடைசெய்யப்பட்ட கடலை, அமைதி நிலவிய மாவட்டத்து வீட்டுச் சுவரைக் கொண்டு மதிப்பிடுவது கடனாகாது, ஆள்மாறாட்டமேயாகும். வெறுமையாக விட்டது அவ்வகையில் நேர்மையானது. ஆனால் நேர்மையான வெறுமையும் மக்களுக்கு உணவாவதில்லை. அட்டவணையில் இல்லாத ஊர் பங்கீட்டிலும் மறக்கப்படலாம். எனவே அவ்வெற்றிடம் ஒரு புள்ளிவிபரக் குறைபாடாக மட்டும் நிற்கவில்லை. அரசு தன் குடிமக்களுள் ஒரு பகுதியினரின் நிலையை அறியாதிருந்த காலத்தின் சாட்சியமாகவும் நிற்கிறது.

ஆகவே நம் வினாவுக்கு நாம் கூறும் விடை இது. ஓர் ஊருக்காகப் பிற ஊர்களின் செய்தியைக் கடன் வாங்குதல் நியாயமே. ஏனெனின் அதனை மறுத்தாற் சிற்றூர்கள் ஒன்றில் மாவட்டச் சராசரிக்குள் மூழ்கும், அன்றேல் தடுமாறும் எண்களின் தயவில் நிற்கும். ஆனால் எந்தக் கடனுக்கும் போல இதற்கும் நிபந்தனைகள் உண்டு. கடன் என்பது வெளிப்படையாகச் சொல்லப்படல் வேண்டும். எண்ணோடு அதன் வழுவும் அச்சேறல் வேண்டும். விதிவிலக்கான ஊருக்குக் காப்பு வேண்டும். தன் எண் பிழையென்று கருதும் ஊர் முறையிடவும் மீண்டும் கேட்கப்படவும் வழியிருத்தல் வேண்டும். அன்றியும், மதிப்பீடு நேர் விசாரணைக்குப் பதிலாகிவிடலாகாது. செலவு மிச்சம் என்று கூறி ஆய்வுகளைச் சுருக்கிக்கொண்டே போகும் அரசு, கடன் கொடுக்கும் ஊர்களையும் ஒருநாள் இழந்துவிடும். எங்கோ ஒருவர் உண்மையிலேயே கதவைத் தட்டிக் கேட்டாலன்றி எந்தச் சூத்திரத்துக்கும் உள்ளீடு இல்லை.

இதில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் ஒரு பங்குண்டு. தம் ஊரைப் பற்றி அரசு வெளியிடும் எண்ணை அவர்கள் வாசித்தறியலாம். அது எத்தனை வீடுகளைக் கேட்டுப் பெறப்பட்டது, எவ்வளவு கடன், எவ்வளவு சொந்தம், வழு எவ்வளவு என்று வினவலாம். கணித பாடத்திற் சராசரியைக் கற்பிக்கும் வேளையில், அச்சராசரியிலிருந்து விலகி நிற்பவர் யார், அவர் ஏன் விலகி நிற்கிறார் என்றும் கேட்கப் பழக்கலாம். கணக்குக் கேட்கும் மக்கள் உள்ள இடத்திலேதான் கணக்குச் சொல்வோரும் கவனமாயிருப்பர்.